வெளிநாடு போகும் வணிகர் ஊருக்குப் பேசுவது எப்படி?

பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் உணவுப் பொருள் கண்காட்சி பார்ப்பதற்காக நான்கு நாள் பயணமாகத் துபாய் சென்றார். அதற்கு முந்தைய ஆண்டு அவருடைய மைத்துனருக்கு வெளிநாட்டுப் பயணம் முடிந்து வந்த செல்போன் பில் ஆயிரக்கணக்கில் இருந்ததைப் பார்த்துப் பயந்திருந்தார். எனவே விமானத்தில் அணைத்த போனை அணைத்தபடியே வைத்துக்கொண்டு, இரவு ஹோட்டல் அறைக்குத் திரும்பியதும் வைஃபையில் மட்டும் திறப்பது என்று முடிவு செய்துகொண்டார். இரண்டாம் நாள் காலை தூத்துக்குடியில் அவருடைய கிளியரிங் ஏஜென்டுக்கு ஒரு சந்தேகம். மூட்டைக் கணக்கு ஒரு தாளில் ஒரு விதமாகவும் இன்னொரு தாளில் வேறு விதமாகவும் இருந்தது. எது சரி என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்பதற்கு ஆள் கிடைக்கவில்லை. நண்பர் இரவில் செய்தியைப் பார்த்துப் பதில் சொன்னபோது அன்றைய வேலை நேரம் முடிந்துவிட்டது; அடுத்து விடுமுறை நாட்கள். கன்டெய்னர் நின்ற இடத்துக்கு வாடகை, கன்டெய்னருக்குத் தாமதக் கட்டணம் என்று அவர் கட்டிய தொகை, மிச்சம் பிடித்த போன் செலவைப்போல் பல மடங்கு.

மைத்துனருக்குப் பில் எகிறியதற்கும் நண்பருக்குச் சரக்கு தேங்கியதற்கும் காரணம் ஒன்றுதான். வெளிநாட்டில் செல்போனுக்குக் கட்டணம் எந்த இடத்தில் விழுகிறது என்பது இருவருக்குமே தெரியவில்லை. அது தெரிந்துவிட்டால் போனை அணைக்கவும் வேண்டியதில்லை, பில்லைக் கண்டு அஞ்சவும் வேண்டியதில்லை. கொள்முதலுக்காகச் சிங்கப்பூர், மலேசியா, துபாய், கொழும்பு, சீனா என்று போய்வரும் வணிகர்கள் இப்போது சிறிய ஊர்களிலும் இருப்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

உள்ளே வரும் அழைப்புக்கும் காசு

நம் நாட்டில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் பேசப்பட்டது. அந்தக் காலத்தில் செல்போன் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். நாம் பேசினாலும் காசு, நம்மை யாராவது கூப்பிட்டாலும் காசு. போன் அடித்தால் நம்பரைப் பார்த்துவிட்டுக் கட் செய்து, பக்கத்துக் கடை லேண்ட்லைனிலிருந்து திருப்பிக் கூப்பிட்டவர்கள் பலர். 2003-இல் அந்த முறை மாறி, அழைப்பவர் மட்டும் கட்டணம் செலுத்துவது என்றானது. அதன்பின் கடைக்கு வந்த இளைஞர்களுக்கு உள்வரும் அழைப்புக்கு ஒரு விலை இருக்க முடியும் என்பதே தெரியாது. எல்லை தாண்டியதும் அந்தப் பழைய முறை மறுபடி வந்துவிடுகிறது என்பதுதான் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது.

ரோமிங் என்பது எப்படி நடக்கிறது? சிங்கப்பூரில் இறங்கி நம் இந்திய சிம் கார்டு போட்ட போனைத் திறக்கிறோம். அங்குள்ள ஒரு நிறுவனத்தின் டவர், இந்தச் சிம் கார்டு இந்தியாவில் எந்த நிறுவனத்துடையது என்பதை அதன் எண்ணிலிருந்து தெரிந்துகொண்டு, அந்த நிறுவனத்திடம் விசாரிக்கிறது. "எங்கள் வாடிக்கையாளர்தான், ரோமிங் வசதி இருக்கிறது, அனுமதிக்கலாம்" என்று இங்கிருந்து பதில் போகிறது. நாம் இப்போது இன்ன நாட்டில் இன்ன நிறுவனத்தின் வலையில் இருக்கிறோம் என்று நம் நிறுவனத்தின் பதிவேட்டிலும் ஏறிவிடுகிறது.

இனி மதுரையிலிருந்து வீட்டார் நம்மைக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களைப் பொறுத்தவரை அது வழக்கமான உள்நாட்டு எண். அவர்களிடம் உள்நாட்டுக் கட்டணம்தான் வசூலிக்க முடியும். ஆனால் அழைப்பு இந்தியாவில் உள்ள நம் நிறுவனத்துக்கு வந்து, அங்கிருந்து கடல் கடந்து சிங்கப்பூர் போகிறது. அந்த இரண்டாம் பாதிக்கு யார் காசு கொடுப்பது? வெளிநாட்டில் இருப்பது நாம்தான். எனவே அது நம் கணக்கில் ஏறுகிறது. லாரி வாடகை திருச்சி வரை அனுப்பியவருடையது, திருச்சியிலிருந்து ஊருக்கு வரும் வண்டிக்கூலி பெற்றுக்கொள்பவருடையது என்று பேசுவதைப் போன்றதுதான்.

இதில் வேடிக்கையான ஒரு விஷயம் உண்டு. இரண்டு வணிகர்கள் சேர்ந்து குவாங்சோ சந்தைக்குப் போகிறார்கள். இருவரிடமும் இந்திய சிம். கூட்டத்தில் பிரிந்துபோய், "எங்கே நிற்கிறீர்கள் அண்ணாச்சி?" என்று ஒருவர் மற்றவரைக் கூப்பிட்டால், அந்த அழைப்பு முதலில் இந்தியாவுக்கு வந்து, இங்கிருந்து மறுபடி சீனாவுக்குப் போகிறது. இரண்டு முறை கடல் தாண்டிய கட்டணம், கூப்பிட்டவருக்கு ஒன்று, எடுத்தவருக்கு ஒன்று. ஐம்பது அடி தூரத்தில் நிற்பவரோடு பேசுவதற்கு!

கட்டணம் இவ்வளவு உயர்வாக இருப்பதற்குக் காரணம் நம் தொழிலில் உள்ளதேதான். அங்குள்ள நிறுவனம் தன் வலையை நம் நிறுவனத்துக்கு மொத்த விலையில் விற்கிறது. நம் நிறுவனம் அதன்மேல் தன் லாபத்தை வைத்து நமக்குச் சில்லறையில் விற்கிறது. வெளிநாட்டில் இருக்கும் அந்த நேரத்தில் நாம் வேறு கடைக்குப் போக மாட்டோம் என்ற தைரியம் இருவருக்கும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அரசுகள் தலையிட்டு 2007 முதல் இதற்கு உச்ச விலை வைத்தன. 2017 ஜூன் 15 முதல் அந்த நாடுகளின் மக்கள் ஒன்றியத்துக்குள் எங்கு போனாலும் சொந்த நாட்டுக் கட்டணத்திலேயே பேசுகிறார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது. நாமேதான் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

கால் ஃபார்வர்டு என்னும் பொறி

இது பலருக்கும் தெரியாதது. தெரியாமலே பணம் கட்டியவர்களும் இருக்கிறார்கள். நாம் போனை எடுக்காவிட்டால் அழைப்பு கடை எண்ணுக்கோ மகன் எண்ணுக்கோ போகும்படி சிலர் கால் ஃபார்வர்டு போட்டு வைத்திருப்பார்கள். ஊரில் இது நல்ல வசதி. வெளிநாட்டில் என்ன ஆகிறது? அழைப்பு சிங்கப்பூர் வரை வந்து, நம் போனில் அடித்து, நாம் எடுக்காததால் அங்கிருந்து மறுபடி இந்தியாவில் உள்ள கடை எண்ணுக்குத் திரும்புகிறது. வந்ததற்கு ரோமிங் கட்டணம், திரும்பிப் போனதற்கு ஐ.எஸ்.டி. கட்டணம் என்று இரண்டும் நம் கணக்கில் விழ இடம் இருக்கிறது. நாம் போனைத் தொடவே இல்லை என்று வாதாடிப் பயனில்லை.

ஆகவே புறப்படும் முன், ஊரில் இருக்கும்போதே, ##002# என்று அடித்துக் கால் பட்டனை அழுத்திவிட வேண்டும். எல்லா வகை ஃபார்வர்டும் ரத்தாகிவிடும். ரத்தானதாகத் திரையில் செய்தி வருகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. திரும்பி வந்த பிறகு வேண்டுமானால் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

பேசாமலே ஓடும் மீட்டர்

ஐ.எஸ்.டி. பூத்தில் பேசியவர்களுக்கு எதிரே சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும் மீட்டர் நினைவிருக்கும். ஓடுவதைப் பார்த்தே பேச்சைச் சுருக்கிவிடுவோம். இன்றைய போனில் மீட்டர் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாம் பேசாதபோதும் ஓடுகிறது. அதற்குப் பெயர் டேட்டா ரோமிங். போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு நாம் சரக்கு பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எடுத்த புகைப்படங்கள் தானாக மேலே ஏறும். செயலிகள் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும். குடும்பக் குழுவில் வரும் "காலை வணக்கம்" பூப்படங்களும் கோயில் வீடியோக்களும் ஒவ்வொன்றாக இறங்கும். ரோமிங் பேக் எதுவும் போடாத எண்ணில் இவை ஒவ்வொன்றும் எம்.பி. கணக்கில் விலை போடப்படும். ஒரு கணக்குக்காக எம்.பி.க்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், முப்பது எம்.பி. வீடியோ ஒன்று மூவாயிரம் ரூபாய் ஆகிறது. அதை அனுப்பிய ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கு இது எங்கே தெரியப்போகிறது!

எனவே இந்திய சிம் கார்டுக்கு டேட்டா ரோமிங் என்ற சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்பதை விமானம் ஏறும் முன்பே போன் அமைப்பில் பார்க்க வேண்டும். இரண்டு சிம் போன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு சிம்மில் இணையம் மந்தமானால் தானாகவே மற்ற சிம்முக்கு மாறும் வசதி சில போன்களில் உண்டு. வெளிநாட்டு சிம் வாங்கிப் போட்ட பிறகும் பில் வந்தது என்று சொல்பவர்களில் சிலருக்கு இதுவே காரணமாக இருக்கலாம். அந்த வசதியையும் அணைத்துவிட வேண்டும்.

இணையம் வழியாகப் பேசினால் எவ்வளவு?

டேட்டா பயப்படும்படி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, டேட்டா வழியாகத்தான் பேச வேண்டும் என்று சொல்வது முரணாகத் தோன்றலாம். விஷயம் என்னவென்றால், சில்லறை விலையில் எம்.பி. எம்.பி.யாக வாங்கினால்தான் டேட்டா விலை அதிகம். மொத்தமாக வாங்கினால் மிக மலிவு. பேச்சு உண்மையில் தின்னும் டேட்டாவோ மிகக் குறைவு. வாட்ஸ்அப்பில் வெறும் குரலாகப் பேசினால் நிமிடத்துக்குச் சுமார் அரை எம்.பி.யிலிருந்து ஒரு எம்.பி. வரை ஆகும். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் வீதம் ஐந்து நாள் பேசினால் நூற்றைம்பது நிமிடம். அதிகமாகப் போனாலும் நூற்றைம்பது எம்.பி. கடைகளில் கிடைக்கும் மிகச் சிறிய ஒரு ஜி.பி. திட்டமே மிச்சமாகும். முகம் பார்த்துப் பேசினால்தான் ஐந்து மடங்கோ அதற்கு மேலோ போகும். பேரக்குழந்தை முகத்தை ஹோட்டல் வைஃபையில் பார்த்துக்கொண்டு, வியாபாரப் பேச்சைக் குரலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இந்த டேட்டாவை மொத்தமாக வாங்கும் வழிகள் சில உண்டு. நம் இந்திய எண்ணிலேயே ரோமிங் பேக் போட்டுக்கொள்வது ஒன்று. எண் மாறாது, எல்லோரும் வழக்கம்போல் கூப்பிடலாம், இறங்கியதும் வேலை செய்யும். ஒன்றிரண்டு நாள் பயணத்துக்கு இதுவே நல்லது என்பது என் கருத்து. கொழும்புக்குப் போய் மறுநாள் திரும்புபவர் அங்கே சிம் வாங்க வரிசையில் நிற்பது நேர விரயம். ஆனால் பேக் வாங்கும்போது அதில் எந்தெந்த நாடு அடங்கும், ஒரு நாள் என்பது இருபத்துநான்கு மணி நேரமா அல்லது நள்ளிரவோடு முடிவதா, உள்வரும் அழைப்புக்கு எத்தனை நிமிடம் என்று மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பேக் இருக்கிறதே என்று சிங்கப்பூரில் இருந்துகொண்டு துபாய் வியாபாரியைக் கூப்பிடக் கூடாது. இலவச நிமிடங்கள் பெரும்பாலும் அந்த நாட்டுக்குள்ளும் இந்தியாவுக்கும் பேசுவதற்கு மட்டுமே. மூன்றாவது நாட்டுக்குத் தனி விலை.

ஒரு வாரமோ அதற்கு மேலோ தங்குபவர் அந்த நாட்டு சிம் வாங்குவது லாபம். சிங்கப்பூர் சாங்கி, கோலாலம்பூர், துபாய், கொழும்பு விமான நிலையங்களில் பயணிகளுக்கான சிம் விற்கும் கவுன்டர்கள் இருக்கின்றன. பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். உள்ளூர் எண் கையில் இருப்பதால் அங்குள்ள சரக்குக்காரரும் டாக்சிக்காரரும் தயங்காமல் கூப்பிடுவார்கள். இது வியாபாரத்துக்குப் பெரிய வசதி.

புதிதாக வந்திருக்கும் வழி இ-சிம். கார்டே கிடையாது, ஊரில் இருக்கும்போதே இணையத்தில் பணம் கட்டி, போனிலேயே ஏற்றிக்கொள்ளலாம். நம் போன் இதற்கு ஏற்றதா என்று அறிய *#06# என்று அடித்தால் வரும் எண்களுக்கிடையே ஈ.ஐ.டி. என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பயணிகளுக்கு விற்கும் இ-சிம் பெரும்பாலும் டேட்டாவுக்கு மட்டுமானது. பேசுவதற்குத் தனி எண் வராது. வாட்ஸ்அப்பில் பேசுபவருக்கு அது போதும்.

ஸ்கைப்பில் பணம் போட்டு வைத்து லேண்ட்லைனுக்குப் பேசிப் பழகிய பெரியவர்கள் நம்மில் உண்டு. அந்தச் சேவை 2025 மே மாதத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டது. வீட்டில் வயதான தாயார் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார் என்றால், உள்ளூர் சிம்மிலிருந்து நேரடியாக ஐ.எஸ்.டி. பேசலாம். சிங்கப்பூர் போன்ற இடங்களில் எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு எண்ணைச் சேர்த்து அடித்தால் மலிவு விலையும், வெறும் கூட்டல் குறி போட்டு அடித்தால் கூடுதல் விலையும் ஆகும் முறை உண்டு. சிம் வாங்கும்போதே, இந்தியாவுக்கு மலிவாகப் பேச எந்த எண்ணைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அங்கே வேலை செய்யும் நம் ஊர்த் தொழிலாளர்களைக் கேட்டால் கவுன்டரில் இருப்பவரைவிட நன்றாகச் சொல்வார்கள்.

துபாயிலும் சீனாவிலும் கவனம்

எல்லா நாட்டிலும் வாட்ஸ்அப்பில் பேசிவிடலாம் என்று நினைத்துப் போய் ஏமாந்தவர்கள் பலர். ஐக்கிய அரபு எமிரேட்டில் உள்ளூர் சிம்மிலும் ஹோட்டல் வைஃபையிலும் வாட்ஸ்அப் செய்தி போகும், குரல் பதிவு போகும், படம் போகும். ஆனால் அழைத்துப் பேச முடியாதபடி தடுத்து வைத்திருக்கிறார்கள். அந்நாட்டு அரசு அனுமதித்த போட்டிம் போன்ற செயலிகள் வழியாகப் பேசலாம். சில செயலிகளுக்கு அங்குள்ள தொலைபேசி நிறுவனத்தின் தனிக் கட்டணத் திட்டம் தேவைப்படும். இதில் முக்கியமானது, அதே செயலி வீட்டாரின் போனிலும் இருக்க வேண்டும் என்பது. போய் இறங்கிய பிறகு, இதை இறக்கு, அதை அழுத்து என்று மனைவிக்குச் செய்தியில் பாடம் நடத்துவது பெரும்பாடு. புறப்படும் முன் வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை பேசிப் பார்த்துவிட வேண்டும்.

தடையை மீற வி.பி.என். போட்டுக்கொள்ளலாம் என்று அங்குள்ள சிலர் யோசனை சொல்வார்கள். இணைய முகவரியை மறைத்துக் குற்றம் செய்பவருக்கு அந்நாட்டுச் சட்டம் ஐந்து லட்சம் திர்ஹம் முதல் இருபது லட்சம் திர்ஹம் வரை அபராதம் விதிக்கிறது. ஒரு போன் பேச்சுக்காக வணிகர் அந்த ஆபத்தில் கை வைக்க வேண்டாம். குரல் பதிவே பல சமயம் போதும். "பாதாம் விலை இறங்கியிருக்கிறது, எத்தனை பெட்டி போடலாம்?" என்று பதிவு செய்து அனுப்பினால், கடையில் கூட்டம் குறைந்ததும் கேட்டுப் பதில் அனுப்பிவிடுவார்கள்.

சீனாவில் கதை வேறு. அங்கு உள்ளூர் சிம்மிலும் ஹோட்டல் வைஃபையிலும் வாட்ஸ்அப்பே திறக்காது, கூகுள் திறக்காது. அவர்கள் பயன்படுத்தும் வீசாட் செயலியையோ நம் அரசு 2020 ஜூன் மாதத்தில் தடை செய்துவிட்டது. அங்கிருக்கும் நம்மிடம் ஒன்றும், ஊரில் இருப்பவர்களிடம் வேறொன்றும் என்றால் பேசுவது எப்படி? இங்கேதான் ரோமிங்கின் ஒரு குணம் நமக்கு உதவுகிறது. ரோமிங்கில் நம் டேட்டா முதலில் நம் நாட்டு நிறுவனத்துக்கு வந்து, அங்கிருந்துதான் இணையத்தில் சேர்கிறது. ஆகவே அந்நாட்டுத் தடுப்பு பெரும்பாலும் அதில் குறுக்கிடுவதில்லை. இந்திய சிம்மில் ரோமிங் பேக் போட்டுக்கொண்டவருக்கு குவாங்சோவிலும் யீவு சந்தையிலும் வாட்ஸ்அப் வேலை செய்யும். மற்ற நாடுகளில் விலை கூடியது என்று நாம் ஒதுக்கும் ரோமிங் பேக், சீனாவில் மட்டும் வாங்க வேண்டிய சரக்காகிவிடுகிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அங்கு உள்ளூர் சிம் வாங்கியவர்தான் ஊருக்குப் பேச வழியில்லாமல் நிற்பார். ஹாங்காங் வழியாகப் போகிறவர்கள், சீனப் பேக்கில் ஹாங்காங் சேர்ந்திருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

எல்லை ஓரங்களும் தொல்லைதான். சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் போனால் ஜோகூர் டவரைப் போன் பிடித்துக்கொள்ளும். சிங்கப்பூருக்கு மட்டும் போட்ட பேக் அங்கே செல்லாது. இவ்வளவு தூரம் போவானேன்? நம் தனுஷ்கோடி முனையில் நின்றாலே இலங்கை டவரைப் பிடிக்கும் போன்கள் உண்டு. வெளிநாட்டு ரோமிங் வசதி திறந்திருக்கும் எண் என்றால் ராமேஸ்வரம் போகும்போதும் கவனம் தேவை. கப்பலிலும் சில விமானங்களிலும் உள்ள தனி வலைகள் இன்னும் விலை அதிகம். ஏறியதும் போனை விமானப் பயண நிலையில் வைத்துவிட வேண்டும்.

பழைய சிம்மைக் கழற்றக் கூடாது

வெளிநாட்டு சிம் வாங்கியதும் இந்திய சிம்மைக் கழற்றிப் பர்சில் வைத்துக்கொள்ளும் பழக்கம் முன்பு இருந்தது. இன்று அது கூடாது. சரக்குக்கு முன்பணம் அனுப்ப வங்கியின் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். யு.பி.ஐ. செயலி அந்தச் சிம்மோடு பிணைக்கப்பட்டது. வாட்ஸ்அப் போன்ற செயலிகளும் பதிவு செய்த சிம் போனில் இருந்தால்தான் இயங்க வேண்டும் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவிட்டது. இரண்டு சிம் போடும் போனில் ஒன்றில் இந்திய சிம், மற்றொன்றில் உள்ளூர் சிம் என்று வைத்துக்கொள்வதே சரி. புதிய சிம் போட்டதும் வாட்ஸ்அப் எண்ணை மாற்றட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

ரோமிங்கில் உள்வரும் எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பெரும்பாலான திட்டங்களில் கட்டணம் இல்லை. ஆனால் ரோமிங் வசதியைத் திறந்து வைத்திருந்தால்தான் எஸ்.எம்.எஸ். வந்து சேரும். பிரீபெய்டு எண் என்றால் பயணம் முடியும் வரை வேலிடிட்டியும் இருக்க வேண்டும். நம் நிறுவனத்தில் எஸ்.எம்.எஸ். மட்டும் வருவதற்குக் குறைந்தபட்சம் என்ன ரீசார்ஜ் தேவை என்பதைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். ஓ.டி.பி. வராமல் முன்பணம் தவறி, பேசி முடித்த விலை மறுநாள் மாறிப்போன அனுபவம் சந்தைக்குப் போகிறவர்களுக்குப் புதிதல்ல.

இந்திய சிம் போனில் இருக்கிறது, டேட்டா ரோமிங் அணைந்திருக்கிறது, கால் ஃபார்வர்டு ரத்தாகிவிட்டது என்றால் நமக்கு ஒரு பழைய ஆயுதம் கிடைக்கிறது. அதுதான் மிஸ்டு கால். நாம் எடுக்காத அழைப்புக்குக் கட்டணம் இல்லை. அவசரம் என்றால் இரண்டு முறை அடித்து நிறுத்துங்கள் என்று கடையிலும், வீட்டிலும், கிளியரிங் ஏஜென்டிடமும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அடித்தது யார் என்று பார்த்து, உள்ளூர் சிம் வழியாகவோ வாட்ஸ்அப்பிலோ நாம் கூப்பிட்டுக்கொள்ளலாம். பருப்பு வியாபாரி நண்பர் இதைச் செய்திருந்தால் கன்டெய்னர் அன்றே வெளியே வந்திருக்கும். உயிர் போகிற அவசரம் என்றால் ரோமிங்கிலேயே எடுத்துப் பேசிவிட வேண்டியதுதான். அந்த ஒரு நிமிடக் கட்டணத்தைப் பார்க்கக் கூடாது. ஆனால் முன்பின் தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து வரும் மிஸ்டு காலுக்குத் திருப்பிக் கூப்பிட வேண்டாம். அதிகக் கட்டண எண்ணுக்கு இழுக்கும் மோசடி அது.

வீட்டாரிடம் சொல்ல வேண்டியது

கூட்டல் 971, கூட்டல் 65 என்று தொடங்கும் எண்ணிலிருந்து போன் வந்தால் இப்போது பலர் எடுப்பதில்லை. சைபர் மோசடிச் செய்திகளைப் படித்துப் படித்து ஏற்பட்ட பயம், அதுவும் நியாயமே. எனவே புதிய எண் கிடைத்ததும் முதல் வேலையாக அதைக் குரல் பதிவில் சொல்லி அனுப்ப வேண்டும். எழுத்தில் மட்டும் அனுப்பினால் நம் பெயரில் வேறு யாரோ அனுப்பியதாக நினைக்கக்கூடும்.

நம் போனில் ஊர் எண்கள் எல்லாம் கூட்டல் 91 சேர்த்துப் பதிவாகியிருக்க வேண்டும். பூஜ்யத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் கூட்டல் குறி வரும். லேண்ட்லைன் என்றால் எஸ்.டி.டி. கோடின் முதல் பூஜ்யத்தை விட்டுவிட வேண்டும். மதுரை 0452 என்பது கூட்டல் 91 452 ஆகும். கோவை 0422 என்பது கூட்டல் 91 422 ஆகும். குறைந்தது பத்து முக்கிய எண்களையாவது ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்வது நல்லது. போன் தொலைந்துவிட்டால் மனைவியின் எண்ணே நமக்கு மனப்பாடமாக இருப்பதில்லை!

நேரத்தையும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, சீனா மூன்றும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே கடை சாத்தி இரவு ஒன்பதரைக்குக் கல்லாக் கணக்குச் சொல்ல உட்கார்ந்தால் அங்கே நள்ளிரவு. துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டால் அங்கே ஐந்தரை. இலங்கையில் நம் நேரமேதான். மாலை ஏழு மணிக்குக் கடையில் ஒருவர் கூட்டத்தை விட்டு ஐந்து நிமிடம் உள்ளே போய்ப் பேச வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டால், நாள் முழுவதும் துண்டு துண்டாகப் பேசுவது குறையும்.

பில் வந்த பிறகு

போஸ்ட்பெய்டு எண் வைத்திருப்பவர்கள் ஊர் திரும்பிய மாதத்துப் பில்லோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. வெளிநாட்டு நிறுவனத்தின் கணக்கு நம் நிறுவனத்துக்குத் தாமதமாக வந்து சேர்வதும் உண்டு. பாக்கி அடுத்த பில்லில் வரலாம். ரோமிங் தொகை அதிகமாகத் தோன்றினால் ஒவ்வொரு அழைப்புக்கும் தேதி, நேரம், நாடு போட்ட விவரப் பட்டியலைக் கேட்டு, பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைத் தேதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தவறு இருந்தால் முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து புகார் எண்ணைப் பெற வேண்டும். அங்கே தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும். டிராய் அமைப்புக்கு நேராக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தனிநபர் புகாரை அது விசாரிப்பதில்லை. ரோமிங் பேக் வாங்கியபோது வந்த எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்காமல் வைத்திருந்தால் இந்த இடத்தில் அதுதான் சாட்சி.